விசுக்கோத்துக் கடையில் ஒரு பிணம்

கடந்த மாரியில் பாரிஸிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் கதைத்தபோது, வழக்கம்போல, இப்போது என்ன வாசிக்கிறீர் என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லாததால் உண்மையைச் சொன்னேன். விசுக்கோத்துக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் தன் ஊரில் நடக்கும் கொலைகளைத் துப்புத்துலக்கும் நாவல், இடையிடையே விசுக்கோத்துச் செய்முறைகளும் வரும் என்றேன். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, "நீரும் களைச்சுப்போனீர் போல" என்றார்.

அவர் அதைக் கேலியாகத்தான் சொன்னார். எனக்கோ அது ஒரு விமர்சனக் கூற்றாகவே பட்டது. களைத்துப்போனவர்கள் எதை வாசிக்கிறார்கள், ஏன் வாசிக்கிறார்கள் என்பது இலக்கிய விமர்சனத்துக்கு அப்பாற்பட்ட விடயமா? ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த நாட்களில் இந்தக் கேள்வி என்னிடம் இருக்கவில்லை. கைலாசபதி மரபில் வளர்ந்த எங்களுக்குத் துப்பறியும் நாவல் என்பது ஒரே வசனத்தில் முடித்துவிடும் சமாச்சாரம். நச்சு இலக்கியம், அடுத்த தலைப்புக்குப் போவோம் என்று விரிவுரையை நகர்த்தியவள் நான். இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அங்கே நாங்கள் செய்வதும் விசுக்கோத்துத்தான்.

இவ்வகை நாவல்களை ஆங்கிலத்தில் ‘கோசி’ என்பார்கள். குளிருக்குள் கால்களை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளும்போது வருகிற இதத்தைக் குறிக்கும் சொல். தேநீர் ஆறிவிடாமல் பாத்திரத்தின் மேல் கவிழ்க்கிற துணி உறைக்கும் அதுவே பெயர். எழுதாத விதிகள் சில உண்டு. கொலை நடக்கும், இரத்தம் தெறிக்காது. காதல் இருக்கும், படுக்கையறைக் கதவு சாத்தப்படும். தூஷணம் கிடையாது. எத்தனை மனிதர் செத்தாலும் வீட்டுப் பூனை சாகாது. துலக்குபவள் பொலிசும் அல்ல, சம்பளத்துக்குத் துப்பறிபவளும் அல்ல. பெரும்பாலும் முப்பதோ நாற்பதோ வயதான ஒரு பெண். சொந்தமாக ஒரு கடை வைத்திருப்பாள். பேக்கரி, தேநீர்ச்சாலை, கோப்பிக்கடை, புத்தகக்கடை, பூக்கடை, நூற்கடை என்று அமெரிக்கச் சிற்றூரொன்றின் பிரதான வீதியில் எதுவெல்லாம் இருக்கக்கூடுமோ அதற்கெல்லாம் ஒரு தொடர் இருக்கிறது.

அந்தக் கடை எப்போது வந்தது என்பதிலிருந்துதான் நான் தொடங்க விரும்புகிறேன். அகதா கிறிஸ்ரியின் மிஸ் மார்ப்பிள் 1930 இல் ‘குருமனைக் கொலை’ நாவலில் வரும்போது அவளுக்குத் தொழில் இல்லை. தோட்டம் உண்டு, யன்னல் உண்டு, வேலைக்காரப் பிள்ளை உண்டு. அவளது உலகில் கடைக்காரர்கள் சாட்சி சொல்ல வந்து போவார்கள், அவ்வளவுதான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1984 முதல் 1996 வரை ஓடிய ‘கொலை என்று எழுதினாள்’ தொடரின் ஜெசிக்கா பிளெச்சரும் விற்று முடியும் நாவல்களின் ஆசிரியை. வாடகை கட்டவேண்டிய பெண் துப்புத்துலக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. டயான் மொற் டேவிட்சனின் முதல் நாவல் 1990 இல் வந்தது. அதன் நாயகி கோல்டி, கொலராடோ மலையூர் ஒன்றில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவள். அடித்த கணவனை, அவன் ஒரு வைத்தியன், விவாகரத்துச் செய்துவிட்டு மகனோடு இருப்பவள். அவள் சமைத்த ஒரு துக்க விருந்தில் முன்னாள் மாமனாருக்கு யாரோ நஞ்சு கொடுக்கிறார்கள். மனிதன் சாகவில்லை. ஆனால் பொலிசார் அவளது சமையல் தொழிலை மூடிவிடுகிறார்கள். நீதி வேண்டியா அவள் புறப்படுகிறாள்? தொழில் திறந்தால்தான் வீடு நடக்கும் என்பதால் புறப்படுகிறாள்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1988 இல், அமெரிக்காவில் பெண்களின் தொழில் உரிமை பற்றிய ஒரு சட்டம் நிறைவேறியது. பெண் ஒருத்தி தொழிற்கடன் எடுக்க ஆண் உறவினர் ஒருவரின் கையொப்பம் வேண்டும் என்று அதுவரை சில மாநிலங்களில் இருந்த நிபந்தனையை அச்சட்டம்தான் நீக்கியது. 1988! நிலவுக்குப் போய் வந்து 19 வருடம் கழித்து. இந்நாவல்களில் கடைச் சாவியைப் பற்றி, கதவைத் திறப்பது பற்றி, கல்லாவை எண்ணுவது பற்றி இவ்வளவு ஆசையோடு எழுதப்பட்டிருப்பதை நான் இந்தச் சட்டத்தோடு சேர்த்தே வாசிக்கிறேன். அதே காலத்தில்தான் வோல்மாட் போன்ற பெருங்கடைகள் நகர விளிம்புகளில் எழுந்து, சிற்றூர்களின் பிரதான வீதிக் கடைகளை ஒவ்வொன்றாகப் பூட்டவைத்தன. கடை வைக்கும் உரிமை பெண்ணுக்குக் கிடைத்த வேளையில் கடையே அழிந்துகொண்டிருந்தது. நாவல்கள் அதைத் திறந்து வைத்திருக்கின்றன.

நிற்க. நான் முதலில் வாசித்தது ஜோஆன் புளூக் எழுதி 2000 இல் வெளிவந்த ‘சொக்லற் சிப் குக்கிக் கொலை’. அதை எனக்குத் தந்தவள் எங்கள் பட்டியில் எதிரே நிற்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். ஊரில் பாடசாலை ஆசிரியையாக இருந்தவள். இடைவேளை முப்பது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் சாப்பாடு, பதினைந்து நிமிடம் புத்தகம் என்று கணக்கு வைத்திருப்பவள்.

கதை மினசோட்டாவில் லேக் ஈடன் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. ஹனா சுவென்சன் அங்கே ‘குக்கி ஜார்’ என்று ஒரு கடை வைத்திருக்கிறாள். ஒரு நாள் காலை, பால் விநியோகிக்கும் றொன் என்ற இளைஞன் கடைக்குப் பின்னால் தன் வண்டிக்குள் சுடப்பட்டுக் கிடக்கிறான். சுற்றிலும் அவளுடைய விசுக்கோத்துகள் சிதறியிருக்கின்றன. கொலையாளி யார் என்பதைச் சொல்லி வாசிக்க நினைப்பவர்களின் சுகத்தைக் கெடுக்கமாட்டேன். எனக்கு அது முக்கியமாகவும் படவில்லை. என்னை நிறுத்தியது வேறொரு விபரம். இந்த ஹனா ஆங்கில இலக்கியத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவள். தகப்பன் இறந்தபோது படிப்பை விட்டு ஊருக்கு வந்து, பிறகு கடை திறந்தவள்.

ஆக, இலக்கியத்தை விட்டு விசுக்கோத்துக்கு வந்தவர்கள் நாங்கள் இருவர். நாவல் அவளது வருகையை இழப்பாகவே கருதவில்லை. பின்வரும் நாவல்களில் (தொடர் 25 ஐத் தாண்டிவிட்டது) பல்கலைக்கழகத்தை நினைத்து அவள் பெருமூச்சு விடுவதாக நான் கண்ட அளவில் இல்லை. விடிய முதல் எழும்பி, பூனைக்குச் சாப்பாடு வைத்து, கோப்பி குடித்து, கடைக்குப் போய் அடுப்பை மூட்டுகிறாள். மாவின் பதம் அவள் விரலுக்குத் தெரியும். எந்த வாடிக்கையாளருக்கு எந்த விசுக்கோத்து என்பதும் தெரியும். எனது தொழிற்சாலையில் மாவை நான் தொட்டதே இல்லை. அது மதிலுக்கு அந்தப் பக்கம். வெந்த விசுக்கோத்துகள் பட்டியில் ஆறிக்கொண்டு வரும். உடைந்ததைத் தள்ளி, முழுதானதைத் தட்டில் அடுக்கவேண்டும். உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குள்ளால் பெட்டி போகும். இத்தனை வருடத்தில் எத்தனை இலட்சம் அடுக்கியிருப்பேனோ தெரியாது, ஒரு விசுக்கோத்து எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. அந்த நாவலில் செய்முறை இருந்தது.

பாரிஸ் நண்பர் உடனே ‘அந்நியமாதல்’ என்பார். சொல்லட்டும், சரியான சொல்தான். மார்க்சிய நோக்கில் இத்துறையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஏர்னஸ்ற் மண்டேல் 1984 இல் வெளியிட்ட நூலை அவருக்கு நினைவூட்டுவேன். நான்காம் அகிலத்தின் தலைவர்களில் ஒருவரான அவர், தாம் துப்பறியும் நாவல்களை விரும்பி வாசிப்பவர் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டே, அவற்றின் வரலாறு முதலாளித்துவச் சமூகத்தின் வரலாற்றோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்று காட்டினார். பிரெக்ற்றும் இவற்றை விரும்பி வாசித்தவர், இவற்றின் ஜனரஞ்சகத்தன்மை பற்றி எழுதியுமிருக்கிறார். பெரியவர்கள் வாசித்தார்கள், ஆகவே நானும் வாசிக்கலாம் என்று அனுமதி கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த நாவல்கள் வேறு. மண்டேல் எழுதும்போது இந்தக் கடைக்காரப் பெண்கள் கூட்டம் இன்னும் வந்திருக்கவில்லை.

கவிஞர் ஓடன் 1948 இல் எழுதிய கட்டுரை ஒன்று எப்போதும் மேற்கோள் காட்டப்படுகிறது. துப்பறியும் கதையைப் புகையிலைபோல விடமுடியாத பழக்கம் என்று தன்னை வைத்தே ஒப்புக்கொண்டு தொடங்குவார். அவரது வாதம் சுருக்கமாக இது: கதை நடக்கும் இடம் ஏதேன் தோட்டம் போல மாசற்றதாக இருக்கவேண்டும். கொலை அந்த மாசின்மையைக் குலைக்கிறது. கொலையாளி அகற்றப்பட்டதும் தோட்டம் மீள்கிறது. குற்றவுணர்வு கொண்ட வாசகர் அந்த மீட்சியைத் தேடித்தான் வருகிறார். 52 வருடம் கழித்து ஒரு நாவலாசிரியை தன் ஊருக்கு லேக் ஈடன் என்றே பெயர் வைத்திருக்கிறார். வேண்டுமென்று வைத்தாரோ தற்செயலோ, ஓடன் கண்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஆனால் ஓடனோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அவரது வாசகர் குற்றவுணர்வு கொண்டவர். என் எதிரே நின்று வாசிப்பவளுக்கு அப்படி என்ன குற்றவுணர்வு? காலையில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை, நடுவில் பிள்ளைகளுக்குச் சமையல். அவள் ஏதேனைத் தேடுகிறாள் என்பது சரி. அந்தத் தோட்டத்தில் அவளுக்கு வேண்டியது மாசின்மையல்ல, சொந்தமாக ஒரு கதவு. அவள் எனக்குச் சொன்னது இதுதான்: "இந்தக் கதைகளில் எல்லாரும் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்." எங்கள் தலைவலையில் ஒரு எண் ஒட்டியிருக்கும்.

இன்னொன்று. ஹனாவுக்குத் துப்பு கிடைப்பது ஆய்வுகூடத்தில் அல்ல. மேசைக்கு மேசை கோப்பி ஊற்றிக்கொண்டு போகிறவளின் காதில் விழுவதுதான் அவளது துப்பு. எந்த மனிதன் இன்றைக்கு இனிப்பு வேண்டாம் என்றான், யார் யாருடன் கதைப்பதில்லை என்பதெல்லாம் தடயம். பெண்களின் புதினம், விடுப்பு என்று நாங்கள் ஒதுக்குகிற அறிவு இங்கே நீதிமன்றம் வரை போகிறது. ஷெர்லொக் ஹோம்ஸின் சிகரெட் சாம்பலை விஞ்ஞானம் என்று ஏற்றுக்கொண்ட விமர்சகர்கள் பட்டர் கலந்த மாவை ஏன் ஏற்கவில்லை என்று கேட்கலாம். நமது தமிழ்வாணனின் சங்கர்லாலும் சரி, சுஜாதாவின் வக்கீல்களான கணேஷ், வசந்தும் சரி, சமையலறைக்குள் துப்புத் தேடிப் போனவர்களல்லர்.

இவ்வளவும் ஆதரவாகச் சொன்னேன். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

லோறா சைல்ட்ஸ் என்ற புனைபெயரில் எழுதப்படும் தேநீர்க்கடைத் தொடர் 2001 இல் ‘டார்ஜிலிங்கால் மரணம்’ என்ற நாவலோடு தொடங்கியது. இடம் தென் கரோலினாவின் சாள்ஸ்ரன். விளம்பரத்துறையை விட்டு வந்த தியோடோசியா அங்கே ‘இன்டிகோ தேநீர்க்கடை’ வைத்திருக்கிறாள். (ஆசிரியையும் விளம்பர நிறுவனம் நடத்தியவர்தான்.) பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்க்கவேண்டும். இன்டிகோ என்றால் அவுரி. பதினெட்டாம் நூற்றாண்டில் தென் கரோலினாவின் செல்வம் நெல்லும் அவுரியும். இரண்டையும் விளைவித்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். வட அமெரிக்காவுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகள் மிக அதிகமாக இறக்கப்பட்ட துறைமுகம் இதே சாள்ஸ்ரன். அந்தத் துறையடியில் 2023 இல் ஆபிரிக்க அமெரிக்க நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த சொல் தேநீர். அது எந்த மலைகளில், எவருடைய முதுகில் வளர்ந்தது என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் மலையகத்தில் 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர்கள் பறித்த கொழுந்தும் இப்படி எங்கோ ஒரு கண்ணாடிப் போத்தலில் பெயர் ஒட்டி நிற்கும். இரண்டு தோட்டப் பயிர்களின் பெயரைச் சேர்த்துப் பலகையில் எழுதிய கடைக்குள், ஒரே ஒரு பிணத்தைப் பற்றி மட்டும் விசாரணை நடக்கிறது. இதுவே இவ்வகையின் உண்மையான மௌனம் என்பேன். எழுத்து மோசமில்லை, தேநீரின் மணத்தை அந்த அம்மையார் நன்றாகவே எழுதுகிறார். மணம் எழுந்ததும் தோட்டம் மறைகிறது.

பொலிஸ் பற்றியும் ஒன்று. லேக் ஈடனில் ஹனாவின் தங்கையின் கணவனே ஷெரிப்பின் உதவியாள். விசாரணையில் உதவி செய்யும்படி அவனே அவளைக் கேட்கிறான். கேள்வி கேட்பதற்கு அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை, பதில் சொல்பவர்களுக்கும் இல்லை. எவர் வீட்டுக் கதவையும் ஒரு பெட்டி விசுக்கோத்தோடு தட்டலாம். இதை வாசித்தபோது நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருந்தேன்.

1986 இல் எனக்குப் பதினைந்து வயது. எங்கள் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அதன் முன்னால் மின்கம்பத்தில் ஒருவரைக் கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு மட்டை. கடைக்காரர் வழமைபோல ஆறு மணிக்குக் கடை திறந்து, வாசல் படிக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். சந்தியில் நடக்கும் எதுவும் அவருக்குத் தெரியாமல் நடந்ததில்லை. விதவை வந்து கேட்டபோது, "எனக்கொண்டும் தெரியாது பிள்ளை" என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, அவர் சொன்னது சரியான பதில் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. லேக் ஈடனில் எனக்குப் பொறாமை உண்டாக்கியது கடையல்ல, அந்தக் கேள்வி.

குடியேறியவர்கள் இந்த வகைக்குள் எழுத வந்தபோது இதே இடத்தில்தான் தையல் பிரிந்தது. மியா மனன்சாலாவின் ‘ஆர்செனிக்கும் அடோபோவும்’ 2021 இல் வந்தது. என் வேலைத்தலத் தோழி அதைத் தந்தபோது "இது எங்கட ஆக்கள்" என்ற தோரணையில் தந்தாள். இல்லினோய் மாநிலத்தில் ஒரு கற்பனைச் சிற்றூர். லைலாவின் அத்தை நடத்தும் பிலிப்பினோ உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அவளது முன்னாள் காதலன் சரிந்து சாகிறான். அவன் அந்தக் கடையைத் தூற்றி எழுதிவந்த உணவு விமர்சகன். பொலிசுக்கு ஒரே சந்தேக நபர் லைலா. இடத்துச் சொந்தக்காரனோ இந்தச் சாட்டில் குடும்பத்தை வெளியேற்றிவிடப் பார்க்கிறான். விதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, செய்முறைகள்கூட. ஆனால் இவள் கேள்வி கேட்பது பொழுதுபோகாமலல்ல, கேட்காவிட்டால் மறியல். ஜெசி சுதாந்தோவின் 2023 நாவலில் வரும் வேரா வொங், சான்பிரான்சிஸ்கோ சீனத்தெருவில் ஆட்கள் வராத தேநீர்க்கடையின் கிழவி. பிணத்தைக் கண்டதும் பொலிஸ் பிழையாகத்தான் செய்யும் என்று தானே பேனாவால் உடலைச் சுற்றிக் கோடு போட்டு, கையிலிருந்த தடயத்தையும் எடுத்து ஒளித்துவிடுகிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் பொலிசை நம்பாதது ஒரு நகைச்சுவை உத்தி மட்டும்தானா என்று பிறகு யோசித்தேன்.

இந்த நாவல்களில் எனக்குப் பிடிபடாத ஒன்று, கூலி. ஹனாவின் கடையில் லீசா என்ற பெண் வேலைக்கு இருக்கிறாள், அவளும் பின்னர் பங்காளியாகிவிடுகிறாள். ஒருவரும் ஒருவருக்குக் கீழே நெடுநாள் நிற்பதில்லை. முதல் நாவலில் செத்தவன், பால் வண்டி ஓட்டிய றொன், அவன்தான் அந்த ஊரில் நான் கண்ட முழுமையான கூலியாள். அவனை எல்லாரும் நல்லவன் என்கிறார்கள். ஊர் விரைவில் அடுத்த விசேஷத்துக்குத் தயாராகிறது.

இரண்டு வருடத்துக்கு முந்தி எங்கள் பட்டியில் ஏஜென்சி மூலம் வந்த ஒரு மாணவப் பெடியனின் கை உருளைக்குள் போனது. நாற்பது நிமிடத்தில் பட்டி மறுபடி ஓடியது. அந்த உருளையின் பாதுகாப்பு மூடி எப்போது கழற்றப்பட்டது, யார் கழற்றச் சொன்னது, எந்த இலக்கை எட்டுவதற்காக என்பது எனக்குத் தெரியும். எனக்கு எதிரே நின்றவளுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் எட்டு மணிநேரம் நின்று பார்ப்பவர்கள், ஹனாவைவிட நல்ல சாட்சிகள். பரிசோதகர் வந்தார். மரியாதையான மனிதர். பெயர் கேட்டு, கதிரை தந்து, என்ன கண்டீர்கள் என்று கேட்டார். சுப்பவைசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் அப்போது பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னேன்.

அன்றிரவு இடைவேளையில் அவள் வாசிக்கவில்லை. நானும் வாசிக்கவில்லை. அடுத்த கிழமை அவள் மறுபடி புத்தகத்தை விரித்தாள். அப்போதுதான் நான் முதல்தடவையாக, அது என்ன புத்தகம் என்று கேட்டேன்.

நண்பருக்கு ஒரு விடயம் சொல்லாமல் விட்டேன். ஹனாவின் செய்முறையை ஒரு ஞாயிறு செய்து பார்த்தேன். கோதுமை மாவோடு நொறுக்கிய சோளப் பொரியும் போடச் சொல்லியிருந்தது, பெட்டியில் விற்கும் அதே காலைச் சாப்பாட்டுப் பொரி. முதல் தட்டு கருகிவிட்டது. இரண்டாவது சரிவந்தது. ஒரு ரின்னில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். வெளிச் சாப்பாடு பட்டிப் பக்கம் போகக்கூடாது என்பதால் சாப்பாட்டு அறையில் திறந்து வைத்தேன். இரவு முழுக்கச் சொக்லற் மணத்துக்குள் நின்றுவிட்டு வந்தவர்கள், ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள். ரின் காலியானதும் யார் செய்தது என்று கேட்டார்கள்.